அரிய காட்டுப்பூக்களை அண்மையிலிருந்து படமெடுத்தலும் படத்தைச் செம்மைப்படுத்தலும்



ஒளியியல் அலகில் குவிவு வில்லையைப் பற்றியும், உயிரியல் பகுதியில் பூவின் பாகங்களைப் பற்றியும், உயிர்ப் பல்வகைமையைப் பேணுதல் பற்றியும் நீங்கள் தனித்தனியே கற்றிருக்கிறீர்கள். இம்மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும் ஒரு செயல், அரிய பூவொன்றை அண்மையிலிருந்து படமெடுப்பதாகும். பரீட்சைக்கு விடை எழுதும்போதும், செயற்றிட்டம் ஒன்றைத் தயாரிக்கும்போதும் உதவும் வகையில் இக்கட்டுரை அமைக்கப்பட்டுள்ளது.

முதலில் ஒரு நிலைமையைக் கருதுக. மலைநாட்டுப் புல்வெளியோரத்தில் ஊதா நிறப் பூவொன்றை இரு மாணவர்கள் காண்கிறார்கள். முதலாமவர் பூவைப் பறித்து, வெள்ளைத் துணியின் மீது வைத்துப் படமெடுத்து, பின்னர் கணினியில் நிறத்தைக் கூட்டி, இலையிலிருந்த பூச்சியையும் அழித்து விடுகிறார். இரண்டாமவர் பூவைத் தொடாமல், இருந்த இடத்திலேயே நான்கு கோணங்களில் படமெடுத்து, திகதியையும் குறித்துக்கொள்கிறார். முதற்படம் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆயினும் தாவரவியலாளர் ஒருவருக்குப் பயன்படுவது இரண்டாவது படமே. ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இரு எடுத்துக்காட்டுப் பூக்கள்

(அ) பினர

சிங்களத்தில் 'பினர' என அழைக்கப்படும் இச்செடியின் விஞ்ஞானப் பெயர் எக்சாகம் ட்ரைநேர்வியம் ஆகும். இது இலங்கைக்கே உரித்தான இனமாகும். மலைநாட்டுப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் இதனைக் காணலாம். ஊதா நிற அல்லிகளின் நடுவே மஞ்சள் நிற மகரந்தக்கூடுகள் எடுப்பாகத் தெரியும். இப்பூவில் அவதானிக்க வேண்டிய இரு சிறப்புகள் உள்ளன.

முதலாவது, மகரந்தக்கூடுகள் நீளப்பாட்டிற்கு வெடிப்பதில்லை. அவற்றின் நுனியில் உள்ள சிறு துளைகளினூடாகவே மகரந்தமணிகள் வெளியேறும். தேனீ வகைகள் சில தமது பறப்புத் தசைகளை அதிரச் செய்து, உப்புப் போத்தலை உலுக்குவது போல மகரந்தமணிகளைக் கொட்டச் செய்கின்றன.

இரண்டாவது, தம்பம் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சில பூக்களில் அது இடப்பக்கமாகவும், சில பூக்களில் வலப்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். இச்சிறப்பை நினைவில் வைத்திருங்கள். படத்தைச் செம்மைப்படுத்தும் பகுதியில் இது மீண்டும் வரும்.

(ஆ) வெசாக் ஓர்க்கிட்

இதன் விஞ்ஞானப் பெயர் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. இதுவும் இலங்கைக்கே உரித்தானது. தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளில் மரங்களின் மீது மேலொட்டியாக வளர்ந்து, தண்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். வெசாக் காலத்தை அண்டிப் பூப்பதால் இப்பெயர் வந்தது. பூவின் அழகே இதற்குப் பகையாயிற்று. காடழிப்பினாலும், வீட்டுத் தோட்டங்களுக்காகவும் விற்பனைக்காகவும் பிடுங்கப்பட்டதாலும் இது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாயிற்று. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க தாவர விலங்கினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட தாவரமாகும்.

இவ்வாறான இனங்களைப் பறித்து உலர்த்திப் பாடசாலைக்குக் கொண்டுவருவது தவறாகும். ஆகவே செடிக்குத் தீங்கு செய்யாமல் அதனைப் பதிவு செய்யும் வழியாகப் புகைப்படம் அமைகின்றது.

2. கமராவும் குவிவு வில்லையும்

கமராவின் வில்லை, குவிவு வில்லையைப் போலத் தொழிற்படுகின்றது. ஒளியுணரியின் மீது அது மெய்யான, தலைகீழான விம்பத்தை ஏற்படுத்தும். பொருள் இருக்கும் இடத்தைப் பொறுத்து விம்பத்தின் பருமன் மாறும். குவியத்தூரத்தை 'கு' எனக் கொள்வோம்.

- பொருள் 2கு இற்கு அப்பால் இருக்கும்போது: விம்பம் பொருளிலும் சிறியது.
- பொருள் 2கு இல் இருக்கும்போது: விம்பம் பொருளின் பருமனுக்குச் சமன்.
- பொருள் கு இற்கும் 2கு இற்கும் இடையில் இருக்கும்போது: விம்பம் பொருளிலும் பெரியது.
- பொருள் கு இற்குள் இருக்கும்போது: மாய விம்பம். ஒளியுணரியில் விம்பம் விழாது.

உருப்பெருக்கம் = விம்பத்தின் உயரம் ÷ பொருளின் உயரம்

10 மி.மீ. நீளமான மகரந்தக்கூடு ஒளியுணரியிலும் 10 மி.மீ. நீளமான விம்பமாக விழுமாயின் உருப்பெருக்கம் 1 ஆகும். குவியத்தூரம் 50 மி.மீ. ஆன எளிய வில்லையில் இதனைப் பெற, பூ வில்லையிலிருந்து 100 மி.மீ. தூரத்திலும், ஒளியுணரி மறுபக்கத்தில் 100 மி.மீ. தூரத்திலும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு விளைவைக் கவனியுங்கள். தொலைவிலுள்ள மலையொன்றைப் படமெடுக்கும்போது விம்பதூரம் ஏறத்தாழ 50 மி.மீ. ஆகும். அண்மைப் படத்தில் அது 100 மி.மீ. ஆகின்றது. விம்பதூரம் இரு மடங்காகும்போது அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவும். எனவே ஒளியுணரியின் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் ஒளி நான்கிலொன்றாகக் குறையும். அண்மைப் படங்கள் இருண்டு போவதற்கும், ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே.

கையடக்கத் தொலைபேசி மாத்திரம் உள்ளவர்கள் கவலைப்படத் தேவையில்லை. ஆய்வுகூடத்திலுள்ள கைவில்லையைத் தொலைபேசியின் வில்லைக்கு முன்னால் ஒட்டிப் பிடித்தால், அது அண்மையிலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும். கைவில்லையின் குவியத்தூரம் 10 செ.மீ. எனின், பூவிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் விரல்களை விரித்து உருவத்தைப் பெரிதாக்குதல் பெரும்பாலும் இருக்கும் பிக்சல்களை வெட்டிப் பெரிதாக்குவதாகும். அதனால் புதிய விபரம் எதுவும் கிடைப்பதில்லை.

3. புல ஆழம்

படத்தில் முன்பின்னாக எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகின்றதோ அது புல ஆழம் எனப்படும். தொலைவிலுள்ள காட்சிகளில் இது பல மீற்றர் ஆகும். அண்மைப் படங்களிலோ மில்லிமீற்றர் அளவிற்குச் சுருங்கிவிடும்.

வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறுவது துவார எண் ஆகும். 50 மி.மீ. வில்லையில் துவார எண் 8 எனின் விட்டம் 6.25 மி.மீ. ஆகும். துவார எண் 16 எனின் விட்டம் ஏறத்தாழ 3.1 மி.மீ. ஆகும். எண் கூடும்போது துவாரம் சிறிதாகின்றது என்பதை மறவாதீர்கள். மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதும் இடம் இது.

36 மி.மீ. × 24 மி.மீ. ஒளியுணரி கொண்ட கமரா ஒன்றுக்கான அண்ணளவான பெறுமானங்கள் வருமாறு:

- உருப்பெருக்கம் 0.5, துவார எண் 8: புல ஆழம் ஏறத்தாழ 3 மி.மீ.
- உருப்பெருக்கம் 1, துவார எண் 8: ஏறத்தாழ 1 மி.மீ.
- உருப்பெருக்கம் 1, துவார எண் 16: ஏறத்தாழ 2 மி.மீ.

அப்படியாயின் துவாரத்தை மிக மிகச் சிறிதாக்கி விடலாமே என நீங்கள் கேட்கலாம். அவ்வாறு செய்தால் இரு குறைகள் ஏற்படும். ஒளி குறைந்துவிடும். அத்துடன் மிகச் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், அதாவது கோணலடைவதால், படம் முழுவதும் சற்று மங்கும். ஆகவே நடுத்தரமான பெறுமானமே நன்று.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. கமராவின் ஒளியுணரித் தளத்தை, நீங்கள் காட்ட விரும்பும் பாகத்தின் தளத்திற்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். தட்டையான அல்லிவட்டத்தை நேர் முன்னிருந்து எடுத்தால் ஒரு மில்லிமீற்றர் ஆழத்திலும் பெரும்பகுதி தெளிவாகும். சாய்வாக எடுத்தால் ஒரு அல்லி மாத்திரமே தெளிவாகும்.

4. காற்றும் ஒளியும்

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல் உள்ளது. 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இவ்விடம், 2010 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். திறந்த புல்வெளியாதலால் இங்கு காற்று ஓய்வது அரிது. பூ ஆடும்போது என்ன நிகழும் எனக் கணித்துப் பார்ப்போம்.

செய்கை: பூவொன்று செக்கனுக்கு 20 மி.மீ. கதியில் அசைகின்றது. உருப்பெருக்கம் 1. ஒளியுணரியின் 24 மி.மீ. உயரத்தில் 4000 பிக்சல்கள் உள்ளன.

ஷட்டர் நேரம் 1/60 செக்கன் எனின்:
அசைந்த தூரம் = 20 ÷ 60 = 0.33 மி.மீ.
பிக்சல்களின் எண்ணிக்கை = (0.33 ÷ 24) × 4000 = ஏறத்தாழ 55

ஷட்டர் நேரம் 1/500 செக்கன் எனின்:
அசைந்த தூரம் = 20 ÷ 500 = 0.04 மி.மீ.
பிக்சல்களின் எண்ணிக்கை = (0.04 ÷ 24) × 4000 = ஏறத்தாழ 7

முதலாவது படத்தில் மகரந்தக்கூட்டின் நுனித்துளை முற்றாக மறைந்துவிடும். இரண்டாவதில் ஓரளவு தெரியும். ஆகவே காற்று அடங்கும் கணத்திற்காகக் காத்திருத்தல், அதிகாலையில் எடுத்தல், நண்பர் ஒருவர் குடையால் காற்றை மறைத்தல் ஆகியன பயன்தரும். முக்காலி கையின் நடுக்கத்தை மாத்திரமே தடுக்கும். பூவின் அசைவை அது தடுக்காது.

நண்பகல் வெயிலில் அல்லிகள் வெளிறியும் நிழல்கள் கறுத்தும் காணப்படும். முகில் மூடிய வானத்தின் பரவிய ஒளியே பூவுக்கு ஏற்றது. நிழற்பக்கத்தில் வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பிடித்தால் ஒளி தெறித்து அப்பக்கமும் துலங்கும்.

5. பூவின் முன் நின்று செய்ய வேண்டியவை

ஒரு பூவை இனங்காண ஒரு படம் போதாது. பின்வருவன வேண்டும்.

1. முழுச் செடியும் அதன் சூழலும்
2. பூவின் முன்பக்கம்: அல்லிகள், மகரந்தக்கூடுகள், தம்பம், குறி
3. பூவின் பக்கத்தோற்றமும் புல்லிவட்டமும்
4. இலை அமைந்துள்ள முறையும் நரம்பமைப்பும்
5. அளவுகோல் ஒன்றைப் பூவின் அருகே, அதில் முட்டாதவாறு பிடித்து எடுத்த ஒரு படம்
6. அதே ஒளியில் வெள்ளைக் கடதாசியை வைத்து எடுத்த ஒரு படம்

திகதி, நேரம், உயரம், வாழிடம் ஆகியவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள்.

கவனிக்க: தேசிய பூங்காக்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் குறிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. தடையாக நிற்கும் புல்லைப் பிடுங்காதீர்கள். நூலொன்றால் மெதுவாக ஒதுக்கிப் பிடித்து, படமெடுத்த பின் விட்டு விடுங்கள். ஒரு பூவுக்காக முழங்காலிடும் இடத்தில் பத்து நாற்றுகள் நசியக்கூடும். நெருங்க முடியாவிட்டால் அப்படத்தைக் கைவிடுவதே சரியான முடிவாகும்.

6. கணினியில் செம்மைப்படுத்தல்

முதல் விதி: மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு பிரதி ஒன்றிலேயே வேலை செய்யுங்கள். ஜேபெக் வகைக் கோப்பு ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கப்படும்போதும் சிறிது விபரத்தை இழக்கும். கமராவில் 'ரோ' வகைக் கோப்பைப் பெறும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள்.

(அ) வெட்டுதல்: 6000 × 4000 பிக்சல் கொண்ட படத்தில் 2 கோடியே 40 இலட்சம் பிக்சல்கள் உள்ளன. நீளத்தையும் அகலத்தையும் அரைவாசியாக வெட்டினால் 3000 × 2000, அதாவது 60 இலட்சம் பிக்சல்களே எஞ்சும். அங்குலத்திற்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் இதன் அகலம் 10 அங்குலமாகும். கொப்பியில் ஒட்ட இது தாராளமாகப் போதும்.

(ஆ) ஒளிர்வு: ஒளிர்வின் வலையுருவரையத்தைப் பாருங்கள். வலது அந்தத்தில் குவிந்து நின்றால் வெளிர் பகுதிகளில் விபரம் இழக்கப்பட்டுள்ளது. அதனைப் பின்னர் மீட்க முடியாது.

(இ) நிறம்: ஊதா நிறப் பூக்கள் படத்தில் நீலமாகத் தெரிவது வழமை. வெள்ளைக் கடதாசிப் படத்தில் கடதாசி வெள்ளையாகத் தெரியும் வரை நிறச் சமநிலையைத் திருத்தி, அதே திருத்தத்தைப் பூவின் படத்திற்கும் கொடுங்கள். ஊதா இன்னும் சற்று நீலமாகவே தெரிந்தால், களத்தில் கண்ட நிறத்தைக் குறிப்பில் எழுதுங்கள். கண்ணுக்குப் பிடித்தவாறு நிறத்தைக் கூட்டினால் அது திருத்தம் ஆகாது.

(ஈ) கூர்மையாக்கல்: விளிம்புகளின் இருபுறமுமுள்ள ஒளிர்வு வேறுபாட்டைக் கூட்டுவதே இது. அளவுக்கு மிஞ்சினால் அல்லியைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். செடியில் இல்லாத அக்கோட்டை மயிரென்று ஒருவர் கருதக்கூடும்.

(உ) படங்களை அடுக்குதல்: குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களின் தெளிவான பகுதிகளைக் கணினி ஒன்றுசேர்க்கும். உதாரணமாக, பூவின் ஆழம் 6 மி.மீ., ஒரு படத்தின் புல ஆழம் 1 மி.மீ., நகர்த்தும் தூரம் 0.8 மி.மீ. எனக் கொள்வோம். முதற்படம் 1 மி.மீ. ஆழத்தைக் காட்டும். மீதி 5 மி.மீ. ஐ 0.8 ஆல் வகுத்தால் 6.25. எனவே மேலும் 7 படங்கள், மொத்தம் 8 படங்கள் தேவை. காற்று வீசினால் இம்முறை பயன்படாது.

7. செய்யத்தகாதவை

படத்தில் ஏற்கெனவே உள்ளதைத் தெளிவாக்கலாம். இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை நீக்குவதும் கூடாது. எல்லாத் திருத்தங்களையும் இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள்.

- இலையிலிருந்த பூச்சியை அழித்தால், அச்செடியின் மகரந்தச் சேர்க்கையாளரையோ பீடையையோ அழித்தவராவீர்கள்.
- அழகுக்காகப் படத்தை இடம்வலமாகப் புரட்டினால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது எனத் தோன்றும். பினர பூவை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்த தம்பம் வலப்பக்கம் சாய்ந்ததாகிவிடும். ஒரே தட்டலில் அவதானிப்புப் பொய்யாகிவிடுகின்றது.
- செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கிய படத்தைத் தெளிவாக்கும் மென்பொருட்கள் இன்று உள்ளன. இவற்றிற் சில, காணாத மயிரையும் நரம்பையும் ஊகித்து வரைந்து விடுகின்றன. இனங்காண்பதற்கான படத்தில் இவற்றைப் பயன்படுத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. பல தொலைபேசிகள் படக் கோப்பினுள் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். அமைவையும் சேமிக்கின்றன. வெசாக் ஓர்க்கிட் போன்ற பூவின் படத்தை அவ்வாறே பலருக்கும் அனுப்பினால், செடியைப் பிடுங்க வருபவருக்கு வழிகாட்டியவராவீர்கள். பகிரும் முன் அதனை நீக்குங்கள். 'தென்மேற்கு ஈரவலயக் காடு' எனப் பொதுவாகக் குறிப்பிட்டால் போதும். சரியான இடத்தை ஆசிரியருக்கோ ஆய்வாளருக்கோ மாத்திரம் தெரிவியுங்கள்.

8. சுருக்கம்

- அண்மைப் படத்தில் உருப்பெருக்கம் கூடும்போது புல ஆழமும் ஒளியும் குறையும்.
- துவார எண் கூடும்போது துவாரம் சிறிதாகும், புல ஆழம் கூடும்.
- ஷட்டர் நேரம் குறையும்போது அசைவினாலான மங்கல் குறையும்.
- செம்மைப்படுத்தல் விபரத்தை வெளிக்கொணர வேண்டும். விபரத்தை உருவாக்கக் கூடாது.
- படத்தை விடச் செடி முக்கியமானது.

9. பயிற்சி வினாக்கள்

1. குவியத்தூரம் 60 மி.மீ. ஆன குவிவு வில்லையில் பொருளின் பருமனுக்குச் சமனான மெய்விம்பத்தைப் பெற, பொருளை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?
2. குவியத்தூரம் 100 மி.மீ., துவார எண் 8 எனின் துவாரத்தின் விட்டம் யாது?
3. 8 மி.மீ. நீளமான மகரந்தக்கூட்டின் விம்பம் 4 மி.மீ. எனின் உருப்பெருக்கம் யாது?
4. முக்காலியைப் பயன்படுத்தியும் பூவின் படம் மங்கியது. காரணம் ஒன்று தருக.
5. பினர பூவின் படத்தை இடம்வலமாகப் புரட்டுவது ஏன் தவறானது?

விடைகள்

1. 120 மி.மீ.
2. 12.5 மி.மீ.
3. 0.5
4. காற்றினால் பூ அசைந்தமை.
5. தம்பம் சாய்ந்துள்ள பக்கம் மாறி, தவறான அவதானிப்பைத் தரும்.

அரிய பூக்களைத் தேடி உடனடியாகக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. உங்கள் வளவிலுள்ள தும்பைப் பூவிலும் ஆவாரம் பூவிலும் முதலில் பயிலுங்கள். அவற்றில் நூறு தடவை பிழை விட்டுத் திருந்திய கை, அரிய பூவின் முன்னே ஒரு தடவையிலேயே வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடும். அடுத்த ஆண்டு அங்கே வருபவரும் அப்பூவைக் காண்பார்.